காலத்தைச் சுருக்கும் கருவி

விதை முளைக்கும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால், அது முளைத்துக்கொண்டிருக்கும்போது அதன் அசைவைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. மாலையில் கூம்பி நின்ற மொட்டு, காலையில் மலராகக் காட்சியளிக்கிறது. கடலோரத்தில் நீர்மட்டம் ஏறுவதும் வற்றுவதும், சுவரில் நிழல் நகர்வதும், வானில் மேகம் திரள்வதும் நம் முன்னிலையிலேயே நடைபெறுகின்றன. எனினும், அவை மெதுவாக நிகழ்வதால் நம் கண்களுக்குப் புலப்படுவதில்லை. இத்தகைய மெதுவான மாற்றங்களைச் சில விநாடிகளுக்குள் கண்முன் கொண்டு வரும் முறையே காலச்சுருக்கப் பதிவு ஆகும். இதனை 'டைம்லேப்ஸ்' என்றும் அழைப்பர்.

அறிவியல் செயல்திட்டங்களுக்காகவும் பள்ளிக் கழக நடவடிக்கைகளுக்காகவும் இத்தகைய காணொளிகளைத் தயாரிக்க மாணவர்கள் பலர் விரும்புகின்றனர். அவ்விருப்பம் எழுந்தவுடன் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் படக்கருவியை வாங்கலாம்?" என்பதாகும். கடைக்காரர் ஒன்றைக் காட்டுவார். விளம்பரம் வேறொன்றைக் காட்டும். நண்பர் மூன்றாவது ஒன்றைப் புகழ்வார். முடிவில், பெற்றோர் அரும்பாடுபட்டுச் சேர்த்த பணம் தேவையற்ற வசதிகளுக்காகச் செலவாகிவிடும். இதனைத் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு. கருவியைப் பற்றிய கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். எதைப் பதிவு செய்யப் போகிறோம், எங்கே பதிவு செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம் பதிவு செய்யப் போகிறோம் என்னும் மூன்று கேள்விகளுக்கும் முதலில் விடை காண வேண்டும். அவ்விடைகளே நமக்கு ஏற்ற கருவியைச் சுட்டிக்காட்டும்.

காலம் எவ்வாறு சுருங்குகிறது?

காணொளி என்பது வேகமாக ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படும் நிழற்படங்களின் தொகுப்பே. நம் நாட்டின் தொலைக்காட்சி ஒளிபரப்பு, விநாடிக்கு 25 படங்கள் என்னும் அளவைப் பின்பற்றுகிறது. விநாடிக்கு 25 படங்கள் எடுத்து, அதே வேகத்தில் காட்டினால், நிகழ்ச்சி இயல்பான வேகத்தில் தெரியும். மாறாக, அரை நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் எடுத்து, அப்படங்களை விநாடிக்கு 25 என்னும் வேகத்தில் காட்டினால், பல மணி நேர நிகழ்ச்சி சில விநாடிகளில் ஓடி முடிந்துவிடும். எடுக்கும் வேகத்தைக் குறைத்து, காட்டும் வேகத்தை மாற்றாமல் வைத்திருப்பதே காலச்சுருக்கத்தின் அடிப்படை.

இம்முறை புதியதன்று. ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர் வில்ஹெல்ம் ஃபெஃபர், 1898ஆம் ஆண்டுக்கும் 1900ஆம் ஆண்டுக்கும் இடையில் தாவரங்களின் அசைவுகளை இவ்வாறு படம்பிடித்து ஆராய்ந்தார். இங்கிலாந்தில் எழுத்தராகப் பணியாற்றிய பெர்சி சுமித், மொட்டுகள் மலர்வதைக் காட்டும் திரைப்படம் ஒன்றை உருவாக்கினார். 'ஒரு மலரின் பிறப்பு' எனப் பொருள்படும் அப்படம் 1910இல் வெளிவந்தது. தாமே அமைத்துக்கொண்ட எளிய பொறியமைப்புகளைக் கொண்டு அவர் இத்துறையில் பல படங்களை எடுத்தார்.

அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஜேம்ஸ் பேலாக்கின் பணி வேறு வகையானது. கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்கா முதலிய இடங்களில் பனிப்பாறைகள் உருகிச் சுருங்குவதைப் பதிவு செய்யும் திட்டத்தை அவர் 2007இல் தொடங்கினார். கடுங்குளிரையும் புயலையும் தாங்கும் பெட்டிகளுக்குள் படக்கருவிகளை வைத்து, சூரிய ஒளித்தகடுகளின் மூலம் மின்சாரம் வழங்கி, ஆண்டுக்கணக்கில் அவற்றை இயங்க வைத்தார். அவருக்கு உறுதியான, விலை மிகுந்த அமைப்பு தேவைப்பட்டது. வீட்டுக்குள் மலரைப் படம்பிடிப்பவருக்கு அது தேவையில்லை. இருவருக்கும் ஒரே கருவியைப் பரிந்துரைப்பது பொருத்தமாகாது.

முதலில் கணக்கு, பிறகு கருவி

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல வீடுகளில் வளர்க்கப்படும் செடிகளுள் ஒன்று நிஷாகந்தி. மலாய் மொழியில் இதனைப் 'பக்காவாலி' என்பர். இதன் வெண்ணிற மலர் இருட்டிய பிறகு விரியத் தொடங்கும். நள்ளிரவு வாக்கில் முழுமையாக மலர்ந்து மணம் வீசும். பொழுது விடிவதற்குள் வாடிவிடும். ஒரு மலரின் வாழ்வு ஓர் இரவோடு முடிந்துவிடுகிறது. அவ்விரவில் பதிவு தவறினால், அடுத்த மொட்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இம்மலர் மலர்வதைப் பதிவு செய்ய விரும்பும் ஒரு மாணவருக்கு எத்தகைய கருவி தேவை என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

இரவு 7 மணி முதல் நள்ளிரவு 1 மணி வரை, 6 மணி நேரம் பதிவு செய்வதாகக் கொள்வோம். அது 21,600 விநாடிகள் ஆகும். நமக்குத் தேவையான காணொளியின் நீளம் 24 விநாடிகள் எனின், 24ஐ 25ஆல் பெருக்க வேண்டும். ஆக, நமக்குத் தேவைப்படுவன 600 படங்கள். 21,600ஐ 600ஆல் வகுத்தால் 36 கிடைக்கும். எனவே, 36 விநாடிகளுக்கு ஒரு படம் எடுத்தால் போதும்.

இக்கணக்கைச் செய்யாமல் விநாடிக்கு ஒரு படம் எடுத்தால், 21,600 படங்கள் சேர்ந்துவிடும். காணொளியும் 14 நிமிடங்களுக்கு மேல் நீண்டு, பார்ப்பவரைச் சோர்வடையச் செய்யும். பத்து நிமிடங்களுக்கு ஒரு படம் எடுத்தாலோ 36 படங்களே தேறும். மலர் ஒன்றரை விநாடிக்குள் திடீரென வெடித்ததுபோல் தோன்றும். இடைவெளியைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு முக்கியம் என்பது இதனால் விளங்கும்.

நிகழ்ச்சிக்கு ஏற்ப இவ்விடைவெளி மாறும். மழைமேகம் திரள்வதை ஒரு மணி நேரம் பதிவு செய்ய விரும்பினால், 5 விநாடிகளுக்கு ஒரு படம் எடுக்கலாம். பச்சைப்பயறு முளைத்து வளர்வதை மூன்று நாள்கள் பதிவு செய்ய விரும்பினால், 6 நிமிடங்களுக்கு ஒரு படம் எடுக்கலாம். இரண்டிலும் கிடைப்பவை 720 படங்களே. இரண்டு காணொளிகளும் ஏறத்தாழ 29 விநாடிகள் ஓடும். ஒரு மணி நேரமும் மூன்று நாள்களும் ஒரே நீளத்திற்குச் சுருங்கிவிடுகின்றன. பள்ளி வளாகத்தில் ஒரு மரம் ஓராண்டில் அடையும் மாற்றத்தைக் காட்ட, நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து ஒரு படம் எடுத்தாலே போதும். 365 படங்கள் 14 விநாடிகளுக்குச் சற்று அதிகமாக ஓடும்.

கருவியில் இருக்க வேண்டியவை

கணக்கு முடிந்ததும், கருவியில் என்னென்ன வசதிகள் இருக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். அவற்றுள் ஐந்து முதன்மையானவை.

முதலாவது, குறிப்பிட்ட இடைவெளியில் தானாகவே படமெடுக்கும் வசதி. சில கருவிகளில் இவ்வசதி இயல்பாகவே இருக்கும். சிலவற்றில் தனியாக ஒரு நேரக்கட்டுப்பாட்டு இணைப்பை வாங்கிப் பொருத்த வேண்டும். இடைவெளியை நாமே தீர்மானிக்க முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். திறன்பேசிகள் பலவற்றில் உள்ள காலச்சுருக்க வசதி, இடைவெளியைத் தானே முடிவு செய்துகொள்கிறது. அத்தகைய திறன்பேசியில், இடைவெளியைத் தேர்ந்தெடுக்க இடமளிக்கும் செயலி ஒன்றைப் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, குவியத்தையும் ஒளியளவையும் நிறச் சமநிலையையும் மாறாமல் நிறுத்தி வைக்கும் வசதி. தானியங்கி முறையில் விட்டுவிட்டால், கருவி ஒவ்வொரு படத்திற்கும் இவற்றை மீண்டும் மீண்டும் மாற்றிக்கொண்டிருக்கும். ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்த படம் மங்கலாகவும் அமைந்துவிடும். அவற்றை வேகமாக ஓட்டிப் பார்க்கும்போது காணொளி முழுவதும் மினுமினுக்கும். விலை உயர்ந்த கருவியால் எடுத்த காணொளியிலும் இக்குறை ஏற்படலாம். கைம்முறையில் சரியாக அமைக்கப்பட்ட மலிவான கருவியில் இக்குறை வெகுவாகக் குறையும்.

மூன்றாவது, தொடர்ச்சியான மின்சாரம். ஆறு மணி நேரமோ மூன்று நாள்களோ ஒரு சிறிய மின்கலத்தால் தாக்குப்பிடிக்க இயலாது. மின்னேற்றியில் இணைத்துக்கொண்டே படமெடுக்க முடியுமா என்பதைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும். 'பவர்பேங்க்' எனப்படும் மின்சேமிப்பியைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். கருவி மிகக் குறைந்த மின்சாரத்தை மட்டும் இழுக்கும்போது, சில மின்சேமிப்பிகள் தாமாகவே நின்றுவிடும்.

நான்காவது, சேமிப்பிடம். இது பெரிய சிக்கல் அன்று. ஒரு படம் 4 மெகாபைட் எனக் கொண்டால், 600 படங்களுக்கு 2.4 கிகாபைட் போதும். 32 கிகாபைட் நினைவக அட்டை தாராளமாகவே இடம் தரும். மூன்று நாள் நிகழ்ச்சியை இடைவிடாத காணொளியாகப் பதிவு செய்து, பிறகு வேகப்படுத்தலாம் என்று நினைப்போர் உண்டு. அதற்கு நூற்றுக்கணக்கான கிகாபைட் தேவைப்படும். ஆகவே, காலச்சுருக்கப் பதிவுக்குக் 'காணொளிக் கருவி' என்னும் பெயர் தாங்கிய ஒன்றை வாங்க வேண்டியதில்லை. இடைவெளிவிட்டு நிழற்படம் எடுக்கும் கருவியே போதும்.

ஐந்தாவது, இடத்துக்கு ஏற்ற பாதுகாப்பு. நம் நாட்டில் வெயிலும் மழையும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. திறந்தவெளியில் வைக்கும் கருவிக்கு நீர் புகாத உறை வேண்டும். குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து கருவியை வெளியே கொண்டு சென்றால், காற்றிலுள்ள ஈரப்பதம் வில்லையின்மீது படிந்து படத்தை மங்கலாக்கும். கருவியைப் பைக்குள் வைத்தபடியே சற்று நேரம் வெளி வெப்பத்திற்குப் பழக விட்டு, அதன் பிறகு எடுப்பது நல்லது.

விளம்பரங்கள் பெரிதுபடுத்தும் சில வசதிகள் இப்பணிக்கு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. 'முழு எச்.டி.' காணொளியின் ஒவ்வொரு படத்திலும் 1920க்கு 1080 என்னும் அளவில் ஏறத்தாழ 20 இலட்சம் படப்புள்ளிகளே உள்ளன. '4கே' காணொளியில்கூட ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகளே உள்ளன. 12 மெகாபிக்சல் கொண்ட பழைய திறன்பேசியோ 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகளைப் பதிவு செய்கிறது. எனவே, 50 மெகாபிக்சல், 100 மெகாபிக்சல் என்னும் எண்களுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. சிறந்த ஒலிப்பதிவும், விநாடிக்கு 120 படங்கள் எடுக்கும் வேகமும் இங்கு நமக்குப் பயன்படமாட்டா.

எளிய விலையில் கிடைக்கும் கருவிகள்

வீட்டில் பயன்படுத்தாமல் கிடக்கும் பழைய திறன்பேசியே பலருக்கும் முதல் தெரிவாக அமையலாம். அதற்குத் தனிச் செலவு இல்லை. மின்னேற்றியில் இணைத்தபடியே இயங்கும். தேவையான செயலிகளையும் நிறுவலாம். பதிவைத் தொடங்குமுன், அதனை விமானப் பயண நிலைக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிடில், இடையில் வரும் அழைப்பு பதிவைக் குலைத்துவிடும். நேரடி வெயிலில் திறன்பேசி சூடேறி நின்றுவிடும் என்பதையும் மறத்தலாகாது. மின்கலம் உப்பிப் போயிருந்தால் அதனை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. அது தீப்பற்றும் அபாயம் உடையது.

கணினியுடன் இணைக்கும் வெப்கேம் மற்றொரு மலிவான தெரிவு. படங்கள் நேரடியாகக் கணினியிலேயே சேமிக்கப்படுவதால், பயறு முளைப்பது போன்ற நீண்ட நாள் ஆய்வுகளுக்கு இது மிகவும் ஏற்றது. ஆயினும், கணினி முழு நேரமும் இயங்க வேண்டும். அது உறக்க நிலைக்குச் செல்லாதவாறு அமைக்க வேண்டும். பொதுவாகப் பயன்படும் யூஎஸ்பி வடத்தின் நீளம் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதால், கணினியும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கணினி நிரலாக்கத்தில் ஆர்வமுள்ளோர், 'ராஸ்பெர்ரி பை' என்னும் சிறிய கணினியுடன் அதற்குரிய படக்கருவியை இணைத்து, இடைவெளியைத் தாமே நிரலாக எழுதிக்கொள்ளலாம்.

விளையாட்டு வீரர்கள் தலைக்கவசத்தில் பொருத்திக்கொள்ளும் 'ஆக்‌ஷன் கேமரா' சிறியது, உறுதியானது, பெரும்பாலும் காலச்சுருக்க வசதியுடனே வருகிறது. மேகம், கடற்கரை, சாலைப் போக்குவரத்து போன்ற பரந்த காட்சிகளுக்கு இது பொருத்தமானது. எனினும், இதன் வில்லை அகன்ற காட்சியைக் காட்டுவதால், மலர் போன்ற சிறிய பொருள் படத்தின் நடுவில் புள்ளியாகத் தோன்றும். மிக அருகில் கொண்டு சென்றாலோ படம் தெளிவற்றுப்போகும்.

காட்டு விலங்குகளைப் பதிவு செய்யப் பயன்படும் தானியங்கிப் படக்கருவிகளையும் கருத்தில் கொள்ளலாம். மலேசியக் காடுகளில் புலிகளைக் கணக்கெடுக்க இத்தகைய கருவிகளையே மரங்களில் கட்டி வைக்கின்றனர். இவற்றுள் பலவற்றில் காலச்சுருக்க வசதியும் உண்டு. சாதாரண மின்கலங்களைக் கொண்டு நீண்ட நாள்கள் இயங்கும், மழையையும் தாங்கும். பள்ளித் தோட்டத்தையோ கட்டுமானப் பணியையோ வாரக்கணக்கில் பதிவு செய்ய இது கைகொடுக்கும். ஆனால், சில மீட்டர் தொலைவிலுள்ள பொருள்களுக்காகவே இது வடிவமைக்கப்பட்டுள்ளதால், அருகிலுள்ள மொட்டைத் தெளிவாகக் காட்டாது.

வில்லைகளைக் கழற்றி மாற்றத்தக்க, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய படக்கருவி மற்றொரு தெரிவு. இதன் ஒளியுணரி பெரியது என்பதால், குறைந்த வெளிச்சத்திலும் தெளிவான படம் கிடைக்கும். இவ்வகைக் கருவிகள் பலவற்றில், ஒவ்வொரு முறை படமெடுக்கும்போதும் ஷட்டர் எனப்படும் திரை திறந்து மூடுகிறது. அஃது இயந்திரப் பகுதி என்பதால் நாளடைவில் தேயும். தொடக்கநிலைக் கருவிகள் பலவற்றின் ஷட்டர் ஏறத்தாழ ஓர் இலட்சம் படங்கள் வரை உழைக்கும் என மதிப்பிடப்படுகிறது. ஓர் இரவுக்கு 600 படங்கள் வீதம் எடுத்தால், 166 இரவுகளில் அவ்வெல்லையை அடைந்துவிடலாம். ஆகவே, வாங்குவதற்கு முன், அது இதுவரை எத்தனை படங்கள் எடுத்துள்ளது எனக் கேட்பது அறிவுடைமை. வில்லையில் பூஞ்சை படிந்துள்ளதா என்பதையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தல் வேண்டும். ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டில் இக்குறை அடிக்கடி ஏற்படுவதுண்டு.

துணைப்பொருள்களும் ஒளியும்

யானையை வாங்கியவன் அங்குசம் வாங்கத் தயங்கலாமா? படக்கருவிக்குப் பணத்தை எல்லாம் செலவிட்டுவிட்டு, அதனைப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்து வைப்போர் பலர். காலச்சுருக்கப் பதிவில் கருவி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் காட்சி துள்ளும். உறுதியான முக்காலி ஒன்று இருந்தால், எளிய கருவியும் நல்ல பலனைத் தரும். எனவே, கையிலுள்ள தொகையில் கால் பங்கையாவது முக்காலி, நினைவக அட்டை, மின்னேற்றி, விளக்கு ஆகியவற்றுக்காக ஒதுக்கி வைத்துவிட்டு, எஞ்சிய தொகைக்குள் கருவியைத் தேடுவது நல்லது.

ஒளியும் கருவிக்கு நிகரான முக்கியத்துவம் உடையது. சன்னலோரத்தில் வைத்த பயறு, பகலில் வெளிச்சத்திலும் இரவில் இருளிலும் மாறி மாறித் தோன்றும். ஆதலால், அதனை அறைக்குள் ஒரே சீரான விளக்கொளியில் வைப்பது நன்று. அவ்விளக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. நம் வீடுகளுக்கு வரும் மாறுதிசை மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகளைக் கொண்டது. இதனால், சில விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. நம் கண் அதனை உணர்வதில்லை, படக்கருவி உணர்கிறது. விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் படமெடுத்தால், ஒரு படம் விளக்கு ஒளிரும் கணத்திலும் மற்றொன்று மங்கும் கணத்திலும் அமையக்கூடும். விநாடியில் 50இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்குமாறு அமைத்தால், ஒவ்வொரு படத்திலும் இரண்டு முழுத் துடிப்புகள் பதிவாகி, ஒளி சீராகிவிடும். கூடுதல் விலை கொடுத்து நீக்க நினைக்கும் இக்குறையை ஓர் எண்ணை மாற்றியே நீக்கிவிடலாம்.

முடிவு செய்தல்

இப்போது நிஷாகந்தியிடம் திரும்புவோம். மொட்டு வீட்டின் முன்தாழ்வாரத்தில் உள்ளது, மழை படாது, மின்சார இணைப்பும் அருகில் உண்டு. பதிவு செய்ய வேண்டிய நேரம் 6 மணி, பொருள் சிறியது, மிக அருகில் உள்ளது, இரவு நேரம். இவ்விடைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், ஆக்‌ஷன் கேமராவும் விலங்குகளுக்கான தானியங்கிக் கருவியும் இதற்கு ஏற்றவை அல்ல என்பது விளங்கும். ஏற்ற செயலியைக் கொண்ட பழைய திறன்பேசி, அதனைப் பற்றிப்பிடிக்கும் முக்காலி, மின்னேற்றி, பக்கவாட்டிலிருந்து மெல்லிய ஒளி தரும் ஒரு மேசைவிளக்கு ஆகியவை போதும். புதிதாக வாங்க வேண்டியவை முக்காலியும் விளக்கும் மட்டுமே. அவற்றையும் இரவல் பெற முடிந்தால் செலவே இல்லை.

மலர் விரியும்போது 10 சென்டிமீட்டருக்கும் அதிகமாக அகலும். மொட்டின் அளவுக்கு ஏற்பக் காட்சியை நெருக்கி அமைத்தால், பாதி மலர் சட்டத்துக்கு வெளியே போய்விடும். ஆகவே, சுற்றிலும் போதிய இடம் விட வேண்டும். மேலும், முந்தைய இரவே அதே நேரத்தில், அதே விளக்கொளியில் அரை மணி நேரம் வெள்ளோட்டம் பார்ப்பது இன்றியமையாதது. 36 விநாடி இடைவெளியில் அந்த அரை மணி நேரத்தில் 50 படங்கள் கிடைக்கும். இரண்டு விநாடிக் காணொளிதான். ஆயினும், படம் தெளிவாக உள்ளதா, ஒளி மினுமினுக்கிறதா, திறன்பேசி சூடேறுகிறதா என்னும் ஐயங்கள் அனைத்தையும் அது தீர்த்துவிடும். திரும்ப வாராத நிகழ்ச்சி என்பதால், முடிந்தால் இரண்டாவது திறன்பேசி ஒன்றையும் வேறு கோணத்தில் வைக்கலாம். ஒன்று நின்றுபோனாலும் மற்றது காப்பாற்றும். இத்தகைய தருணத்தில், விலை உயர்ந்த ஒரு கருவியைவிட எளிய கருவிகள் இரண்டு கூடுதல் பாதுகாப்பானவை.

பிறருடைய உரிமையையும் நாம் மதித்தல் வேண்டும். கருவியின் பார்வையில் பக்கத்து வீட்டின் வாசலோ சன்னலோ விழாதவாறு கோணத்தை அமைக்க வேண்டும். பள்ளியிலோ பொது இடத்திலோ கருவியை விட்டுவைப்பதற்கு முன் உரியவரிடம் அனுமதி பெற வேண்டும். நடைபாதையில் மின்வடம் குறுக்கே கிடந்து எவரையும் தடுக்கி விழச் செய்துவிடக் கூடாது.

வாங்குவதாக முடிவு செய்தாலும், இரவல் கருவியால் ஒரு முறை பதிவு செய்து பார்த்துவிட்டு வாங்குவதே சிறந்தது. அந்த ஒரு பதிவிலேயே நமக்கு உண்மையில் எந்த வசதி குறைவாக உள்ளது என்பது தெரிந்துவிடும். இருளில் படம் தெளிவில்லை எனில், பெரிய ஒளியுணரி கொண்ட கருவிக்குப் பணம் சேர்க்கலாம். மழையே தடையெனில், நீர் புகாத உறையை மட்டும் வாங்கலாம். குறையை அறிந்து வாங்கும் பொருள் பயன்படும். விளம்பரத்தைக் கண்டு வாங்கும் பொருள் அலமாரியில் உறங்கும்.

நூறாண்டுகளுக்கு முன் மலர்களைப் படம்பிடித்தவர்களுக்கு இல்லாத வசதிகள் இன்று நம் சட்டைப்பைக்குள் இருக்கின்றன. ஆனால், இன்று இரவு எந்த மொட்டு விரியும் என்பதைக் கருவி கண்டறிந்து சொல்லாது. அதற்கு நாள்தோறும் செடியருகே சென்று, மொட்டு பருத்து வருவதை உற்றுநோக்கும் ஒருவர் வேண்டும். அந்தப் பொறுமை நம்மிடம் இருந்தால், கையிலிருக்கும் எளிய கருவியே நமக்குப் போதுமானது.